நம் தொட்டியில் இரவில் குறையும் தண்ணீர்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு வேலைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். செயலாளர் என்னிடம் கொடுத்த தலைப்பு "வீட்டில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி". இதைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனையோ அறிவுரைகள் வந்துவிட்டன. நான் புதிதாக ஓர் அறிவுரையும் கொண்டுவரவில்லை. ஒரு கணக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். அதை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் சொந்த ஊர் வ. புதுப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் இருக்கும் 'வ' பக்கத்து ஊரான வத்திராயிருப்பைக் குறிக்கும். மலையில் பெய்யும் மழை பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு சிறிய அணைகளில் தங்கும். முல்லைப் பெரியாறு என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. எங்கள் பெரியாறு அணையின் உயரமே 47 அடிக்குச் சற்று அதிகம்தான். அங்கிருந்து தண்ணீர் கண்மாய்களுக்கு வரும். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தண்ணீரை வைத்துத்தான் நெல் விளைய வேண்டும்.

என் அப்பா விவசாயி. சாயங்காலம் கண்மாய்க் கரைக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார்: "எத்தனை தண்ணி இருக்கு?" அப்பா சொல்வார்: "இன்னும் மூணு தண்ணி தாங்கும்." வயலுக்கு ஒரு முறை பாய்ச்சினால் அது ஒரு தண்ணி. கதிர் முற்ற இன்னும் நான்கு தண்ணி வேண்டும், கண்மாயில் மூன்றுதான் இருக்கிறது என்றால் அன்று இரவு வீட்டில் பேச்சே இருக்காது. மறுநாள் ஊரில் கூடிப் பேசுவார்கள். முறை வைத்துப் பாய்ச்சுவது என்று முடிவாகும். இன்று உனக்கு, நாளை எனக்கு. சண்டையும் வரும், மறுக்கவில்லை. ஆனால் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. கரையில் ஏறி நின்றால் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நம் மொட்டை மாடித் தொட்டியில் இந்த நிமிடம் எத்தனை தண்ணி இருக்கிறது? உங்கள் வீட்டில் நேற்று எத்தனை லிட்டர் செலவானது? சத்தியமாக எனக்கும் தெரியாது. குழாயைத் திறந்தால் வருகிறது, வராவிட்டால் வாட்ச்மேனுக்கு போன் செய்கிறோம். மாதக் கடைசியில் லாரித் தண்ணீர்க் கணக்கை 24 வீடுகளுக்கும் சமமாகப் பிரித்து மெயின்டனன்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். நான் ஒரு நாள் பத்து வாளி மிச்சம் பிடித்தாலும் என் பில் குறையாது. பத்து வாளி வீணாக்கினாலும் எனக்கென்று கூடாது. இந்த ஏற்பாட்டில் யார்தான் அக்கறை எடுப்பார்கள்? நம்மில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கவனத்துக்கும் வருவதில்லை.

அதைக் கண்ணால் பார்க்கலாம் என்றுதான் ஒரு வேலை செய்தேன். போன மாதம் ஒரு நாள் இரவு 11.30 மணிக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நம் வாட்ச்மேனோடு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு நீளமான குச்சியைத் தொட்டியில் விட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டோம். காலை 4.30க்கு, பால் பாக்கெட் வருவதற்கு முன்னால், மறுபடியும் போய் அளந்தோம். ஏழு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

"ஏழு சென்டிமீட்டர்தானே சார்" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. நம் தொட்டி உட்புறம் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 60 லிட்டர். ஏழு சென்டிமீட்டர் 420 லிட்டர். ஊரே தூங்கும் ஐந்து மணி நேரத்தில்!

சரி, இரவில் எழுந்து கழிவறைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். வயதானவர்கள் இருக்கும் குடியிருப்பு இது, நானும் எழுந்திருக்கிறேன். ஆறு லிட்டர் வீதம் பத்து ஃப்ளஷ் என்று தாராளமாகவே வைத்து 60 லிட்டரைக் கழித்துவிடுவோம். மீதி 360 லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு 360 என்றால் மணிக்கு 72 லிட்டர். கசிவு இரவில் மட்டும் இருக்காது, பகலிலும் அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரு நாளைக்கு 1,728 லிட்டர். ஏழு நாளைக்கு 12,096 லிட்டர். நாம் வாங்கும் லாரி 12,000 லிட்டர். அதாவது வாரம் ஒரு லாரித் தண்ணீரை, யாரும் குளிக்காமல், யாரும் குடிக்காமல், யாரும் ஒரு துணி துவைக்காமல், சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வைத்திருக்கும் திட்ட அளவு. அந்த அளவில் பார்த்தால், நம் கசிவு பன்னிரண்டு பேர் ஒரு நாள் முழுக்கப் புழங்கும் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடினேன். முதலில் என் வீட்டையே பார்த்தேன். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊற்றிவிட்டு, இருபது நிமிடம் யாரையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி வைத்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் கீழே பீங்கானில் அழகாக ரோஸ் கலரில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது! ஊருக்கெல்லாம் தண்ணீர்க் கணக்குச் சொல்லக் கிளம்பியவன் வீட்டிலேயே கசிவு. என் மனைவி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். எத்தனை மாதமாக அப்படிப் போய்க்கொண்டிருந்ததோ தெரியவில்லை. சத்தம் கிடையாது, சொட்டுவது கண்ணில் படாது.

எங்கள் தளத்தில் இருக்கும் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அன்போடு சம்மதித்தார்கள். அவற்றில் இன்னொரு வீட்டிலும் கசிவு இருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டோம். போர் தண்ணீரின் உப்புப் படிந்து, அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் இறுகிப்போயிருந்தது. இரண்டு வீட்டிலும் மாற்றினோம். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அடுத்த வாரம் மறுபடியும் அதே குச்சி, அதே நேரம். இந்த முறை குறைந்தது ஐந்து சென்டிமீட்டர். இரண்டே வாஷரில் இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். ஒரு நாளைக்கு 576 லிட்டர்.

மீதி மூன்று நான்கு சென்டிமீட்டர் எங்கே போகிறது? இன்னும் பார்க்காத 20 வீடுகளில் எங்கேயோ. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் உதவி வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் இருந்துகொண்டு 2019ஐ மறக்க முடியுமா? அந்த ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று சொல்வோம். அந்தக் கோடையில் தண்ணீரைப் பணமாக எண்ணினோம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. தொலைக்காட்சியில் மாலை போட்டு வரவேற்றதைப் பார்த்தோம். அந்த ஒரு ரயில் தண்ணீர், ஒருவருக்கு 135 லிட்டர் கணக்கில், சுமார் 18,500 பேருக்கு ஒரு நாளைக்குத்தான் வரும். இவ்வளவு பெரிய நகரத்துக்கு அது எந்த மூலைக்கு?

அப்போது நம் குடியிருப்பிலும் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். மேல் மாடியில் இருந்த பெரியவர்கள் குடத்தோடு கீழே இறங்கி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லிஃப்ட் இருந்ததால் பிழைத்தார்கள்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. நம் வாசலுக்கு வரும் லாரித் தண்ணீர் எங்கிருந்தோ ஊற்றெடுத்து வருவதில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் ஆழ்குழாய்களிலிருந்தும் உறிஞ்சி வருகிறது. அங்கேயும் ஒரு வீட்டில் சாயங்காலம் யாரோ "எத்தனை தண்ணி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போனால் பக்கத்து வயல்காரன் என்ன பாடு படுவான் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், உண்மை. ஆனால் அந்தக் காசு போய்ச் சேர்வது கிணற்றுக்காரரிடம். பக்கத்து வயல்காரருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நாம் குடித்துத் தீர்த்தால்கூட மனம் ஆறும். ஃப்ளஷ் தொட்டியில் சத்தமில்லாமல் ஓடிப்போவதற்கா அந்தத் தண்ணீர்?

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். பலன் அதிகம் தரும் வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, ஃப்ளஷ். நான் செய்த பீட்ரூட் சோதனையை எல்லாக் கழிவறையிலும் செய்யுங்கள். காபி டிகாக்‌ஷனும் போதும். இருபது நிமிடத்தில் கீழே நிறம் இறங்கினால் வாஷர் போய்விட்டது என்று பொருள். மூடியைத் திறந்திருக்கும்போதே, தண்ணீர் மட்டம் நடுவில் இருக்கும் குழாயின் வாய்வரை ஏறி அதற்குள் வழிகிறதா என்றும் பாருங்கள். வழிந்தால் மிதவையைச் சரிசெய்ய வேண்டும். இரட்டைப் பொத்தான் உள்ள ஃப்ளஷ் என்றால், சிறிய பொத்தான் எது என்று வீட்டில் எல்லோருக்கும், வந்து போகும் விருந்தாளிகளுக்கும் சொல்லி வையுங்கள். பலர் இரண்டையும் சேர்த்தே அழுத்துகிறார்கள். ஒருவருக்கான 135 லிட்டரில் 45 லிட்டரை ஃப்ளஷுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு! அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது, சொட்டும் குழாய். "சொட்டுதான் விழுது" என்று விட்டுவிடாதீர்கள். அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் கால் மணி நேரத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 19 லிட்டர் போகிறது. ஒரு வருடத்தில் 7,000 லிட்டர். அரை லாரிக்கு மேல்.

மூன்றாவது, குழாயின் வேகம். பத்து லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், குழாயைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் பல் துலக்குகிறவர் இரண்டு வாளியைக் கொட்டுகிறார். கை கழுவும் தொட்டியின் குழாயிலும் சமையலறைக் குழாயிலும் நுனியில் ஏரேட்டர் என்ற சின்ன வலையைப் போட்டால், காற்றும் தண்ணீரும் கலந்து, குறைந்த தண்ணீரிலேயே கை கழுவ முடியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. நம் தண்ணீரில் உப்பு அதிகம், மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். ஆனால் வாளி பிடிக்கும் குழாயில் அதைப் போடாதீர்கள். வாளிக்கு வேண்டியது ஒரு வாளித் தண்ணீர்தான். ஏரேட்டர் போட்டால் நிரம்ப நேரமாகும், மிச்சம் ஒன்றும் ஆகாது.

நான்காவது, குளியல். ஷவரும் இதே கணக்குதான். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தால், எட்டு நிமிடக் குளியலுக்கு 80 லிட்டர். வாளியும் சொம்பும் வைத்துக் குளித்தால் இருபது லிட்டரில் திருப்தியாகக் குளிக்கலாம். ஷவர்தான் வேண்டும் என்கிற பிள்ளைகள் சோப்புப் போடும் நேரம் அதை மூடி வைத்தாலே பாதி மிச்சம்.

ஐந்தாவது, சமையலறை. ஊரில் கழனித் தண்ணி தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். இங்கே மாடு இல்லை, பால்கனியில் செடி இருக்கிறது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் அதற்குப் போதும். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டு எல்லாவற்றையும் தேய்த்து முடித்து, பிறகு சேர்த்துக் கழுவலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் குறை சொல்லாதீர்கள். நான்கு வீட்டு வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியவர் அவர். ஒரு பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து வைத்துக் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம்.

ஆறாவது, ஆர்.ஓ. இயந்திரம். ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் பல இயந்திரங்கள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. அந்தக் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கலாம், கழிவறையில் ஊற்றலாம். உப்பு கூடிய தண்ணீர் என்பதால் செடிக்கு மட்டும் வேண்டாம். தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்றதாக வைத்திருக்கிறது. உங்கள் குழாயில் வரும் தண்ணீர் அதற்குக் கீழே இருந்தால், உப்பை நீக்குவதற்காக ஆர்.ஓ. தேவையில்லை. கிருமிக்குக் காய்ச்சி ஆறவைத்தால் போதும். வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள்.

வாஷிங் மெஷினைப் பற்றி ஒரே வரி: நிறையத் துணி சேர்ந்த பிறகு போடுங்கள்.

இதில் எதுவும் யாரையும் கஷ்டப்படுத்துவதற்காக இல்லை. கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் நோயாளி உள்ள வீடு, இவர்களுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். வேண்டியதை அவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். சுத்தத்தில் சிக்கனம் பார்க்கச் சொல்லவில்லை. நான் பேசுவது யாருக்கும் பயன்படாமல் போகும் தண்ணீரைப் பற்றி மட்டும்.

கடைசியாக, நம் குழுவில் அடிக்கடி சூடு கிளப்பும் விஷயம்: தனித்தனி மீட்டர். "நாங்கள் இரண்டே பேர், ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே தொகையா?" என்று ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தம்பதி கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம்முடையது பழைய கட்டடம். மொட்டை மாடியிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய், சமையலறைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்குகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று முடியாது, இரண்டு மூன்று வேண்டும். செலவு கூடும். அதனால் எடுத்த எடுப்பில் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரே ஒரு மீட்டர் பொருத்துவோம். தினமும் காலையில் அதன் அளவை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதுவோம். நேற்று நாம் எல்லோரும் சேர்ந்து எத்தனை லிட்டர் செலவழித்தோம் என்று ஒரே ஓர் எண். அதுதான் நம் கண்மாய்க் கரை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தனி மீட்டர் வேண்டுமா என்பதை அடுத்த கூட்டத்தில் கையில் கணக்கோடு பேசலாம். அப்போது சண்டை வந்தாலும் அர்த்தமுள்ள சண்டையாக இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் நிறச் சோதனையைச் செய்துவிடுங்கள். கசிவு இருந்தால் வெட்கப்பட வேண்டாம், என் வீடுதான் முதல் வீடு. அலுவலகப் பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதினால், பிளம்பரை ஒரே நாளில் மொத்தமாக வரவழைக்கலாம், கூலியும் குறையும். இரண்டாவது, அந்த ஒரு மீட்டருக்கு இன்று ஒப்புதல் தாருங்கள்.

அடுத்த மாதம் ஓர் இரவு மறுபடியும் குச்சியோடு மாடிக்குப் போவேன். கூட வர விரும்புகிறவர்கள் வரலாம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள், தொட்டி மூடியைத் திறப்பதும் அளப்பதும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவர்கள் கணக்கை எழுதட்டும். ஐந்து சென்டிமீட்டர் இரண்டாகக் குறைந்தால், மாதம் இரண்டு லாரி மிச்சம்.